செய்தித்தாளில் ஒரு கப்பல்: 1928இன் விபத்தும் எங்கள் வகுப்பும்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தைப் பற்றிய பாடத்தை நடத்தும் ஒவ்வொரு ஆண்டும் எனக்கு ஒரே குறைதான். வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை, பொருளாதாரப் பெருமந்தம், முசோலினி, ஹிட்லர் என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிடுவேன். மாணவர்களும் ஆண்டுகளை ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் அந்த 20 ஆண்டுகளில் மனிதர்கள் காலையில் எழுந்து என்ன படித்தார்கள், எதை நம்பினார்கள் என்ற கேள்விக்கு என் வகுப்பில் இடமே இருந்ததில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய புகைப்படத்தை ஏ4 தாளில் அச்செடுத்து, குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். படத்தின் பெயரோ ஆண்டோ சொல்லவில்லை. ஒரு கப்பலின் மேல்தளம். தளம் பயங்கரமாகச் சாய்ந்திருக்கிறது. உயிர்காப்பு அங்கி அணிந்தவர்கள் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்தில் ஓர் உயிர்காப்புப் படகு. "என்ன தெரிகிறது, எழுதுங்கள்" என்றேன்.

"டைட்டானிக்" என்றது பாதி வகுப்பு. நான் எதிர்பார்த்ததுதான். கப்பல் மூழ்கினால் அது டைட்டானிக்காகத்தான் இருக்க வேண்டும் என்று திரைப்படம் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. பின்வரிசையில் ஒரு மாணவி மட்டும் வேறொன்று கேட்டாள்: "கப்பல் முழுகுறப்ப இதை யாரு சார் போட்டோ எடுத்தது?"

இரண்டு பாடவேளைக்கு என்று நான் தயாரித்திருந்தது அந்த ஒரு கேள்வியால் நான்கு பாடவேளை ஆனது. அங்கே பேசியவற்றையும், அதற்காக நான் படித்தவற்றையும்தான் இங்கே எழுதுகிறேன்.

கப்பலின் பெயர் வெஸ்ட்ரிஸ். 1912இல் பெல்ஃபாஸ்டில் கட்டப்பட்ட பிரிட்டிஷ் பயணிக் கப்பல். ஏறத்தாழ 10,500 டன். லிவர்பூலைச் சேர்ந்த லாம்போர்ட் அண்டு ஹோல்ட் நிறுவனத்துக்குச் சொந்தமானது. நியூயார்க்குக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தது. 1928 நவம்பர் 10, சனிக்கிழமை, நியூயார்க் துறைமுகத்தின் ஹோபோக்கன் கரையிலிருந்து புறப்பட்டது. பார்படோஸ் தீவைத் தொட்டு, அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸ் வரை செல்ல வேண்டும். மறுநாள் புயலில் சிக்கி வலப்பக்கம் சாயத் தொடங்கியது. திங்கட்கிழமை பிற்பகல் சுமார் 2 மணிக்கு, அமெரிக்காவின் வர்ஜீனியா கரையிலிருந்து ஏறத்தாழ 200 மைல் தொலைவில் மூழ்கிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இந்த விபத்தைப் புரிந்துகொள்ள, அந்தக் காலத்துச் செய்தித்தாளில் கப்பல் என்றால் என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கண்டம் விட்டுக் கண்டம் செல்ல அன்றைக்குக் கப்பல்தான். பயணிகள் விமானம் பெருங்கடலைத் தாண்டும் காலம் இன்னும் வரவில்லை. ஆகவே நாளிதழில் கப்பலுக்கென்று நிரந்தரமாக ஓர் இடம் இருந்தது. எந்தக் கப்பல் வந்தது, எது புறப்படுகிறது, தபால் எதில் போகிறது என்ற பட்டியல் தினமும் வரும். இன்றைய ரயில் நேர அட்டவணை போல.

நியூயார்க்கில் 'கப்பல் செய்தியாளர்கள்' என்றே ஒரு கூட்டம் இருந்தது. கப்பல் துறைமுகத்துக்குள் வரும்முன் ஸ்டேட்டன் தீவருகே மருத்துவச் சோதனைக்காக நிற்கும். செய்தியாளர்கள் அரசுப் படகில் தொற்றிக்கொண்டு அங்கேயே போய் ஏறிவிடுவார்கள். யாரைத் தேடி? திரை நட்சத்திரம், குத்துச்சண்டை வீரர், ஐரோப்பிய இளவரசர், கோடீஸ்வரர். கப்பலின் கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்து சிரிக்கும் நடிகையின் படம் அந்தக் கால இதழ்களில் சலித்துப்போகும் அளவுக்கு வந்தது. அடுத்து, வேகப் போட்டி. அட்லாண்டிக்கை எந்தக் கப்பல் விரைவாகக் கடக்கிறது என்பது நாடுகளின் மானப் பிரச்சினையாகவே எழுதப்பட்டது. பிரிட்டனின் மொரிடேனியா 20 ஆண்டுகளாக வைத்திருந்த சாதனையை 1929இல் ஜெர்மனியின் பிரெமென் முறியடித்தபோதும், 1935இல் பிரான்சின் நார்மண்டி முந்தியபோதும், இன்றைய கிரிக்கெட் வெற்றியைப் போலக் கொண்டாடினார்கள்.

விளம்பரங்களும் ஒரு தனிக் கதை. 1924இல் அமெரிக்கா குடியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அதுவரை ஏழைக் குடியேறிகளால் நிரம்பிய கீழ்த்தளம் காலியானது. கப்பல் நிறுவனங்கள் அதே இடத்தைக் கொஞ்சம் வெள்ளையடித்து, 'சுற்றுலா மூன்றாம் வகுப்பு' என்று பெயர் சூட்டி, கல்லூரி மாணவர்களையும் ஆசிரியர்களையும் குறிவைத்து விளம்பரம் செய்தன. கோடை விடுமுறை உண்டு, உலகம் பார்க்கும் ஆசை உண்டு, பையில் பணம் மட்டும் இல்லை என்று நம்மைப் பற்றி அன்றைக்கே கணித்திருக்கிறார்கள்!

இவ்வளவு செய்தியிலும் விளம்பரத்திலும் யார் இல்லை? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "கப்பலை ஓட்டுறவங்க" என்று ஒரு பையன் சொன்னான். கேப்டன் இருப்பார். தொப்பியும் பொத்தானும் வைத்த சட்டையுமாக அவர் படத்துக்கு நிற்பார். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுபவர், சாம்பலை வாரிக் கடலில் தள்ளுபவர், பாத்திரம் கழுவுபவர், படுக்கை விரிப்பவர் ஆகியோர் செய்தியில் வருவது அநேகமாக விபத்தின்போதுதான். அப்போதும் பெயரோடு வருவதைவிட 'பணியாளர்கள்' என்ற ஒரே சொல்லில் வருவதே அதிகம்.

வெஸ்ட்ரிஸின் கரி அறையிலும் தளத்திலும் வேலை செய்தவர்களில் பலர் மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த கறுப்பினத்தவர், குறிப்பாக பார்படோஸ்காரர்கள். கப்பல் போகும் வழியில் இருந்த தீவு அது. பிரிட்டிஷ் முதலாளிக்கு மலிவான கூலி. இந்தப் பின்னணியை மாணவர்களுக்குச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் சில எண்களை எழுதினேன்.

பயணிகள் 128 பேர், பிழைத்தவர்கள் 60. பணியாளர்கள் 198 பேர், பிழைத்தவர்கள் 155. பெண்கள் 33 பேர், பிழைத்தவர்கள் 8. குழந்தைகள் 13 பேர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இதழுக்கு இதழ் இந்தக் கணக்கு ஓரிரண்டு கூடும், குறையும். அதுவே மாணவர்களுக்கு ஒரு பாடம். இப்போதைக்கு இந்த எண்களை வைத்துச் சதவீதம் போடச் சொன்னேன். பயணிகளில் 47 சதவீதம் பிழைத்திருக்கிறார்கள். பணியாளர்களில் 78 சதவீதம். பெண்களில் 24. "இந்த எண்களை வைத்து ஒரு தலைப்புச் செய்தி எழுதுங்கள்" என்றேன். எட்டுக் குழுக்களில் ஆறு குழுக்கள் ஏறத்தாழ ஒன்றையே எழுதின: பயணிகளைக் கைவிட்டுத் தப்பிய ஊழியர்கள். ஒரு குழு 'கோழைகள்' என்ற சொல்லையும் சேர்த்து, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

1928 நவம்பரில் அமெரிக்க இதழ்கள் பல எழுதியதும் இதைத்தான். கரை சேர்ந்த பயணிகள் சிலர் பணியாளர்கள் மீது ஆத்திரத்தோடு குற்றம் சாட்டினார்கள். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் அதிகம் என்பதும் பணியாளர்களில் கறுப்பினத்தவர் அதிகம் என்பதும் ஒன்றாகச் சேர்ந்தபோது, அந்தக் காலத்து அமெரிக்காவில் என்ன கதை பிறக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் மாணவர்களுக்கு நிறவெறி இல்லை. எண் மட்டுமே இருந்தது. எண்ணை மட்டும் வைத்தே அதே முடிவுக்கு வந்துவிட்டார்கள். அதுதான் என்னை யோசிக்க வைத்தது.

அடுத்து இரண்டாவது தாளைக் கொடுத்தேன். அதில் படகுகள் இறக்கப்பட்ட விதம் மட்டும் இருந்தது. கப்பல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அப்படியானால் இடப்பக்கம் உயர்ந்திருக்கும். கேப்டன் வில்லியம் கேரி இடப்பக்கப் படகுகளை முதலில் தயார் செய்யச் சொன்னார். 'பெண்களும் குழந்தைகளும் முதலில்' என்ற கடல் வழக்கப்படி அவர்கள் அந்தப் படகுகளில் ஏற்றப்பட்டார்கள்.

தாளை வாசித்து முடிக்கும்முன்பே ஒரு மாணவன் எழுந்துவிட்டான். அவன் அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். "அந்தப் பக்கம் படகை எறக்கவே முடியாது சார். கப்பல் ஒருக்களிச்சுக் கெடக்கு. மேல் பக்கத்துல எறக்குனா படகு தண்ணிக்குப் போகாது, கப்பல் உடம்புலயே உரசிக்கிட்டுத்தான் வரும்" என்றான். கையை மேசைமேல் சாய்த்து வைத்து, அழிப்பானைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக் காட்டவும் செய்தான். பாடநூல் கேள்விக்கு அவன் ஒருநாளும் எழுந்தவன் இல்லை.

நடந்தது அதுதான். இடப்பக்கப் படகுகள் சாய்ந்த பக்கவாட்டில் உரசி, சிக்கி, மணிக்கணக்கில் இறங்க மறுத்தன. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் இருந்த முதல் மூன்று படகுகளில் இரண்டு கப்பலோடு சேர்ந்து மூழ்கின. மற்றொன்றில் பின்னர் தண்ணீர் புகுந்து அதுவும் போயிற்று. தாழ்ந்திருந்த வலப்பக்கப் படகுகள் எளிதாக இறங்கின. அவற்றில் ஏறியவர்கள் பிழைத்தார்கள். யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று அந்த வழக்கம் சொன்னதோ அவர்களையே அது தவறான பக்கத்தில் நிறுத்திவிட்டது. பணியாளர்களில் தன் உயிரை மட்டும் பார்த்தவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒழுங்கின்மையும் குழப்பமும் இருந்ததாக விசாரணையில் சாட்சியங்கள் உண்டு. ஆனால் 47க்கும் 78க்கும் இடையிலான வித்தியாசத்தைக் கோழைத்தனம் என்ற ஒரு சொல்லில் அடைத்துவிட முடியாது.

இனி, அந்த மாணவி கேட்ட கேள்வி. படத்தை எடுத்தவர் பத்திரிகைக்காரர் இல்லை. கப்பலின் உணவறையில் வேலை பார்த்த ஃபிரெட் ஹான்சன் என்பவர். கையில் ஒரு சாதாரண கோடாக் மடிப்பு கேமரா வைத்திருந்தார். படகுகளுக்காகக் காத்திருந்த நேரத்தில் சில படங்கள் எடுத்து, கேமராவோடு தப்பி, நியூயார்க்கில் டெய்லி நியூஸ் நாளிதழுக்கு விற்றார். அவர்கள் கொடுத்தது 1,200 டாலர் என்கிறார்கள். அன்றைக்கு அது பெரும் தொகை.

டெய்லி நியூஸ் 1919இல் தொடங்கிய படப் பத்திரிகை. சிறிய அளவுத் தாள், முதல் பக்கம் முழுக்கப் படம், குறைந்த எழுத்து. சுரங்க ரயிலில் நின்றுகொண்டே பார்க்கலாம். 1920களின் நடுவிலேயே தினசரி 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியிருந்தது. அதே 1928 ஜனவரியில், மின்சார நாற்காலியில் ஒரு பெண்ணுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதைத் திருட்டுத்தனமாகப் படமெடுத்து முதல் பக்கத்தில் போட்டதும் இந்தப் பத்திரிகைதான். மூழ்கும் கப்பலின் தளத்திலிருந்தே எடுக்கப்பட்ட படம் அதற்கு எவ்வளவு பெரிய சரக்கு என்று ஊகிக்கலாம். டைட்டானிக் மூழ்கியபோது இப்படி ஒரு படம் கிடைக்கவில்லை. ஓவியர்கள் கற்பனையில் வரைந்தார்கள். 16 ஆண்டுகளுக்குப் பிறகு கேமரா ஓர் உணவறைப் பணியாளரின் சட்டைப்பைக்கு வந்துவிட்டது.

எங்கள் வகுப்பில் இங்கே ஒரு சண்டையே நடந்தது. "ஆள் சாகுறப்ப போட்டோ எடுத்துட்டு நிக்கலாமா?" என்று ஒரு கட்சி. "அவர் எடுக்கலேன்னா நமக்கு எப்படித் தெரியும்?" என்று மறு கட்சி. இன்றைக்குச் சாலை விபத்தில் கைபேசியை நீட்டுகிறவர்களைப் பற்றிப் பேச்சு திரும்பியது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டினேன். அந்தக் காலத்து இதழ்கள் திரும்பியே பார்க்காத சமையலறைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர்தான் அந்த விபத்தின் மிகப் பெயர்பெற்ற சாட்சியத்தைக் கொண்டுவந்தார்.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும்: லயனல் லிக்கரிஷ். பார்படோஸைச் சேர்ந்த இளைஞர். கப்பலில் குவார்ட்டர்மாஸ்டர், அதாவது சுக்கான் பிடிக்கும் மாலுமி. கப்பல் மூழ்கிய பின் கடலில் நீந்தி, ஆளில்லாமல் மிதந்த ஒரு படகைப் பிடித்து, துடுப்புகளைத் தேடி எடுத்து, தண்ணீரில் தத்தளித்தவர்களை ஒவ்வொருவராக இழுத்து ஏற்றினார். 20 பேர் வரை காப்பாற்றினார் என்று செய்தித்தாள்கள் எழுதின. கறுப்பினப் பணியாளர்கள் கோழைகள் என்று எழுதிய அதே வாரத்தில், அதே பத்திரிகை உலகம் ஒரு கறுப்பின மாலுமியை மாவீரன் என்று கொண்டாடியது. நியூயார்க் அவருக்குப் பாராட்டு நடத்தியது. நாடகக் கொட்டகை மேடையிலும் ஏற்றினார்கள். கறுப்பின மக்கள் நடத்திய இதழ்கள் அவரைப் பெருமையோடு முன்னிறுத்தின.

அவரது துணிவில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவரை மட்டும் தூக்கிவைத்துப் புகழ்வது, மற்றவர்கள் மீதான பழியை அழித்துவிடாது. 'இவர் மட்டும் விதிவிலக்கு' என்று சொல்லாமல் சொல்லி, பழியை உறுதிப்படுத்தவும் செய்யலாம். நம் பள்ளியிலேயே இது உண்டு. பின்தங்கிய ஒரு குடியிருப்பிலிருந்து ஒரு பிள்ளை மாவட்ட அளவில் மதிப்பெண் எடுத்தால், 'அங்கேயிருந்தும் ஒருவர்' என்று நாம் பாராட்டும் தொனியைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் போதும்.

முதல் ஆண்டு நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். லிக்கரிஷின் கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன். அதன்பிறகு மாணவர்கள் வேறு எதையும் பார்க்க மறுத்துவிட்டார்கள். விடைத்தாளெல்லாம் அவர் புகழ்தான். கப்பல் ஏன் மூழ்கியது என்று கேட்டால், "புயல்" என்று ஒரு சொல். வீரன் வந்துவிட்டால் காரணம் பின்னால் போய்விடுகிறது. 1928இன் வாசகர்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டிலிருந்து அவர் கதையைக் கடைசியில் வைத்துக்கொண்டேன்.

கப்பல் ஏன் மூழ்கியது? புயல் மட்டும் காரணமில்லை. நியூயார்க்கில் சில நாட்களுக்குள்ளேயே விசாரணை தொடங்கியது. பிரிட்டனில் 1929இல் நீண்ட விசாரணை நடந்தது. அவற்றில் வெளிவந்தது வீரமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. மிகச் சாதாரணமான விஷயங்கள். கப்பல் ஏற்ற வேண்டியதைவிட அதிகமாகச் சுமை ஏற்றியிருந்தது. கரியில் ஓடும் கப்பல் என்பதால் சாம்பலை வெளியே தள்ளப் பக்கவாட்டில் திறப்புகள் இருந்தன. சுமையால் கப்பல் தாழ்ந்தபோது அந்தத் திறப்புகள் கடல்மட்டத்துக்கு அருகில் வந்துவிட்டன. அலை அடிக்க அடிக்க அவற்றின் வழியாகத் தண்ணீர் உள்ளே போனது. தண்ணீர் ஒரு பக்கம் தேங்கியதும் கப்பல் சாய்ந்தது. சாய்ந்ததும் கரியும் சரக்கும் அதே பக்கம் சரிந்தன. சரிந்ததால் இன்னும் சாய்ந்தது. இந்த இடத்தில் அறிவியல் ஆசிரியரை அழைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பா, கொஞ்சம் மணல், ஒரு வாளித் தண்ணீர் போதும். டப்பாவின் பக்கவாட்டில் ஓர் ஊசித்துளை போட்டு, மணலை ஏற்றிக்கொண்டே போனால், துளை எப்போது ஆபத்தாகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

உதவி கேட்டதிலும் தாமதம். ஞாயிற்றுக்கிழமையே சாய்ந்த கப்பலிலிருந்து, எஸ்.ஓ.எஸ். என்ற அபாய அழைப்பு திங்கட்கிழமை காலை 10 மணிக்குச் சற்று முன்புதான் போனது. அதில் சொன்ன இடமும் தவறு. ஏறத்தாழ 37 மைல் வித்தியாசம். அமெரிக்கன் ஷிப்பர், பெர்லின், மிரியம் ஆகிய கப்பல்களும் வயோமிங் என்ற போர்க்கப்பலும் வந்து, இரவிலும் மறுநாள் காலையிலுமாகப் படகுகளில் இருந்தவர்களையும் தண்ணீரில் மிதந்தவர்களையும் மீட்டன. கேப்டன் ஏன் தாமதித்தார் என்பதற்கு அவரே பதில் சொல்ல முடியாது. அவர் கப்பலோடு போய்விட்டார். அபாய அழைப்பை அனுப்பிய தலைமை வானொலி இயக்குநர் மைக்கேல் ஓ'லோக்லினும் திரும்பவில்லை.

சுமை என்றதும் ஒரு கோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சரக்குக் கப்பலின் பக்கவாட்டில் வட்டமும் குறுக்குக் கோடும் வரைந்திருப்பதைத் தூத்துக்குடியிலோ சென்னையிலோ பார்த்திருப்பீர்கள். அந்தக் கோடு தண்ணீருக்குள் போகும் அளவுக்குச் சரக்கு ஏற்றக் கூடாது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் போராடி 1876இல் சட்டமாக்கியதால் அதற்குப் பிளிம்சால் கோடு என்று பெயர். அமெரிக்கா 1928 வரை அப்படியொரு சட்டத்தை வைத்திருக்கவில்லை. வெஸ்ட்ரிஸ் மூழ்கிய சில மாதங்களில், 1929 மார்ச்சில், அங்கே சுமைக்கோட்டுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு மே மாதம் லண்டனில் 18 நாடுகள் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான புதிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1930இல் சுமைக்கோடு பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையும் வந்தது. இவற்றுக்கான பேச்சு முன்பே நடந்துகொண்டிருந்தாலும், வெஸ்ட்ரிஸ் அதற்கு அவசரம் சேர்த்தது. செய்தித்தாள்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். படம் பார்த்த மக்கள் கேள்வி கேட்டார்கள். கேள்வி கேட்டதால் விசாரணைக்கு வேகம் வந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, மாணவர்கள் எதிர்த் திசையில் ஓடத் தொடங்கினார்கள். "அப்போ பத்திரிகை பணியாளர்களைத் திட்டினா அது பொய்" என்றான் ஒருவன். அதையும் அப்படியே விட மனமில்லை. ஆகவே இன்னொரு விபத்தைச் சுருக்கமாகச் சொன்னேன்.

1934 செப்டம்பர் 8. ஹவானாவிலிருந்து நியூயார்க் திரும்பிக்கொண்டிருந்த மோரோ காசில் என்ற சொகுசுக் கப்பல் விடியுமுன் தீப்பிடித்து எரிந்தது. 137 பேர் இறந்தார்கள். முந்தைய மாலையில்தான் கேப்டன் இறந்திருந்தார். எரிந்த கப்பல் நியூ ஜெர்சியின் ஆஸ்பரி பார்க் கடற்கரையிலேயே வந்து ஒதுங்கியது. ஆயிரக்கணக்கானோர் திருவிழாப் போல வேடிக்கை பார்க்க வந்தார்கள். இங்கே முதலில் இறங்கிய 6 படகுகளில் 408 பேர் ஏறலாம். ஏறியவர்கள் 85 பேர். அவர்களில் பெரும்பாலோர் பணியாளர்கள். ஆக, இந்த முறை பணியாளர்கள் மீதான குற்றச்சாட்டில் வலு இருந்தது. இதிலும் ஒரு வீரன் கிடைத்தார். புகைக்கு நடுவே அபாய அழைப்பை அனுப்பிய தலைமை வானொலி இயக்குநர் ஜார்ஜ் ரோஜர்ஸ். பத்திரிகைகள் புகழ்ந்தன, நியூயார்க் மேடையில் ஏற்றினார்கள். பின்னர் அவர் காவல் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். உடன் பணியாற்றிய அதிகாரியை வெடிகுண்டு வைத்துக் கொல்ல முயன்றதற்காக 1938இல் சிறைக்குப் போனார். 1950களில் இரட்டைக் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டார்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. "அப்போ லிக்கரிஷையும் நம்பக் கூடாதா சார்?" என்று ஒரு மாணவி தயங்கிக் கேட்டாள். அவரைப் பற்றி என்னென்ன சாட்சியம் இருக்கிறது, யார் சொன்னது, படகில் ஏற்றப்பட்டவர்களே சொன்னார்களா, பத்திரிகை சொன்னதா என்று பிரித்துப் பார்க்கலாம் என்றேன். பிழைத்தவர்களின் வாக்குமூலம் ஒரு தட்டில், தலைப்பில் உள்ள சொல் மறு தட்டில் என்று அவளே குறிப்பேட்டில் இரண்டு பத்தி போட்டுக்கொண்டாள். வரலாற்றுச் சான்றுகளில் முதன்மை, இரண்டாம் நிலை என்று நாம் சொல்லிக்கொடுக்கும் பிரிவு, வரையறையாக அல்லாமல் தேவையாக அவளுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஓரிரு நடைமுறைச் செய்திகள். படத்தை முதலில் கொடுங்கள், விளக்கத்தைத் தாமதியுங்கள். எண்களை வைத்துத் தலைப்பு எழுதும் வேலையைத் தவிர்க்காதீர்கள். தாங்களே எழுதிய தலைப்பைத் தாங்களே அடிக்கும்போதுதான் பாடம் நடக்கிறது. ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு எண்களும் டப்பா சோதனையும் போதும். இறப்பு விவரங்களை நீட்ட வேண்டாம். தொடக்கப் பள்ளியில் கப்பலே தேவையில்லை. பள்ளி விழாவில் எடுத்த ஒரு படத்தைக் காட்டி, "இந்தப் படத்தில் யார் இல்லை? படம் எடுத்தவர் எங்கே நின்றார்?" என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அசத்துவார்கள். எங்கள் ஊர் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டபோது, "சத்துணவு ஆயா இல்லை டீச்சர்" என்று முதல் பதில் வந்ததாம்.

நான்காவது பாடவேளை முடிந்து ஒரு வாரம் இருக்கும். அழிப்பானைத் தொங்கவிட்டுக் காட்டிய அந்த மாணவன் ஒரு நாளிதழ்த் துண்டைக் கொண்டுவந்தான். பக்கத்து ஊரில் படகு கவிழ்ந்த செய்தி, ஐந்தாறு வரி. படகு உரிமையாளர் பெயர் இருந்தது, படகின் மதிப்பு இருந்தது, மீட்கப்பட்டவர்கள் 'மீனவர்கள் 4 பேர்' என்று இருந்தது. ஓரத்தில் அவன் பென்சிலால் நான்கு பெயர்களை எழுதியிருந்தான். மூன்றாவது பெயர் அவன் மாமா.